கால் கட்டணம்

கும்பகோணத்தில் நான் எஸ்டிடி பூத் வைத்திருந்தபோது வியாபாரமே இரவு 11 மணிக்கு மேல்தான். அதன்பிறகு வெளியூர் அழைப்புக்குக் கால் பங்குக் கட்டணம்தான். மகன் பம்பாயில், மகள் டெல்லியில் என்று பெஞ்சு நிறைய ஆட்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுகிறவரின் கண் மீட்டரின் சிவப்பு எண்களை விட்டு நகராது.

வீட்டுக்கு போன் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு இது. 1994-இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார்; நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும்; எங்கள் பெஞ்சுக்காரர்களுக்கு எட்டாத உயரம். கம்பெனிகளோ ஏலத்தில் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டு, உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் திணறின. 1999 கொள்கை அதை வருவாய்ப் பங்காக மாற்றி அவர்களைக் கரையேற்றியது. கடன் வாங்கி பூத் போட்டவனுக்கு அப்படியொரு கொள்கை வரவில்லை. அது வேறு கதை.

பிறகு எல்லாம் வேகம்தான். 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் பிறந்தது. 2003 மே முதல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசம். எங்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே! 2006 மார்ச்சில் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய்த் திட்டம் வந்தபோது, நான் ரீசார்ஜ் கூப்பன் விற்றுக்கொண்டிருந்தேன்.