நீர் வார்த்துக் காத்த வாகனம்

பெட்ரோல் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், பில்டர் மாற்ற வேண்டும், பிளக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். மின்சாரக் காருக்கோ சார்ஜ் ஏற்றுவதைத் தவிர வேறு பணிவிடை எதுவுமே வேண்டியதில்லை என்று இன்று கார் வாங்க வருபவரிடம் விற்பவர் சொல்லுகிற வார்த்தை புதிய வார்த்தை அன்று. ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க்கிலும் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் மின்சார வண்டிகள் கௌரவமாக உலவிய காலத்திலும் செல்வந்தர்களுக்கு இதே உறுதிமொழிதான் வழங்கப்பட்டது. அதில் பாதி சத்தியம். மறு பாதியோ, அந்த வண்டிகளை இரவில் வாங்கிக் கட்டி விடியற்காலையில் அனுப்பிவைத்த கொட்டகைத் தொழிலாளிகளுக்கு மாத்திரமே தெரிந்திருந்தது.

அமெரிக்க அரசாங்கம் 1900-இல் எடுத்த கணக்கின்படி அந்நாட்டில் தயாரான 4,192 மோட்டார் வாகனங்களில் நீராவியால் ஓடியவை 1,681, மின்சாரத்தால் ஓடியவை 1,575, பெட்ரோலால் ஓடியவை 936 தான். அந்த 1,575 வண்டிகளுக்கும் உயிர்நிலையாக இருந்தது, 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்து, 1881-இல் கமீல் ஃபோர் என்பவர் பசை பூசிய தகடுகளால் திருத்தியமைத்த ஈய பேட்டரி. ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தகத் திராவகம், இவற்றை ஏந்தும் பெட்டி என்ற அளவில் அதன் அமைப்பு எளியதே. ஆனால் அந்தத் திராவகம் வெறுமனே தகடுகளை நனைத்துக்கொண்டிருக்கும் திரவம் அன்று. வண்டி ஓட ஓட அதிலுள்ள அமிலம் தகடுகளுக்குள் புகுந்து ஈயத்தோடு கூடிவிடும். எஞ்சுவது ஏறக்குறைய நீர். மின்சாரம் ஏற்றும்போது அமிலம் தகடுகளை விட்டு மறுபடியும் வெளிப்படும். எனவே வண்டி இன்னும் எத்தனை மைல் ஓடும் என்பதைத் திராவகத்தின் அடர்த்தியே சொல்லிவிடும்.

அந்த அடர்த்தியைப் பார்க்கிற வேலையைச் சற்று அருகிருந்து கவனிப்போம். தொழிலாளி இருக்கையைத் தூக்கி, மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒவ்வோர் அறையின் அடைப்பானையும் திருகி எடுப்பான். ஒரு முனையில் ரப்பர்க் குமிழும் மறுமுனையில் மெல்லிய குழாயும் கொண்ட கண்ணாடிக் கூட்டினுள்ளே, அளவுக்கோடுகள் இட்ட சிறிய மிதவை ஒன்று இருக்கும்; இதுவே ஹைட்ரோமீட்டர். குமிழை அமுக்கி விட்டதும் திராவகம் மேலேறும், மிதவை அசைந்து நிற்கும். 1.280 என்ற கோட்டருகே நின்றால் அறை நிறைந்திருக்கிறது; 1.150 அளவுக்கு இறங்கிவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. அப்படி வெறுமையான நிலையிலேயே பேட்டரியைப் போட்டுவைத்தால் தகடுகளின்மேல் கடினமான வெள்ளை உப்புப் படிந்து, பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது. சார்ஜ் ஏறும்போது நீர் மாத்திரம் வாயுவாகப் பிரிந்து போய்விடுவதால், குறைந்த மட்டத்தை நிரப்ப வேண்டியது நீரேயன்றி அமிலம் அன்று. அந்த நீரும் காய்ச்சி வடித்த சுத்த ஜலமாக இருந்தாக வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள இரும்பும் குளோரினும் தகடுகளுக்கு விஷம். வெளிப்படும் ஹைட்ரஜன் வாயுவோ தீப்பொறி பட்டால் வெடிக்கும். இவற்றையெல்லாம் அறிந்து, சிதறிய அமிலத்தைச் சோடாக் கரைசலால் துடைத்து, முனைகளுக்கு வாஸலின் பூசி, அறை அறையாக நீர் வார்த்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களையே மின்சார வாகனத்தின் மெய்யான சாரதிகள் என்று நான் கருதுகிறேன்.

இந்தப் பணிவிடை எங்கே குறைந்ததோ அங்கே நஷ்டம் நேர்ந்தது. நியூயார்க்கில் 1897-இல் மின்சார வாடகை வண்டிகளை விட்ட நிறுவனம், பிராட்வே வீதியிலிருந்த தன் நிலையத்தில், களைத்து வந்த பேட்டரியை யந்திரத்தால் இழுத்தெடுத்துப் புதிதாக நிறைத்ததைச் சில நிமிஷங்களில் பொருத்தி அனுப்பியது. இன்று வியந்து பேசப்படும் பேட்டரி மாற்றும் ஏற்பாடு அன்றே நடைமுறையில் இருந்திருக்கிறது. ஆயினும் கல் பாவிய வீதிகளின் அதிர்ச்சியில் தகடுகளின் பசை உதிர்ந்து அடியில் வண்டலாகத் தேங்கியது. பல ஊர்களுக்கும் அவசரமாகப் பரவிய அந்த வியாபாரம், பணச் சூதாட்டத்தின் கெட்ட பெயரையும் சுமந்துகொண்டு 1907-இல் வீழ்ந்தது. இதற்கு நேர்மாறாக, ஹார்ட்ஃபோர்ட் நகரத்து மின்சாரக் கம்பெனி, பேட்டரி இல்லாத லாரியை மாத்திரம் வாங்குங்கள், பேட்டரியின் சம்ரக்ஷணை எங்கள் பொறுப்பு, ஓடிய மைலுக்குக் காசு கொடுத்தால் போதும் என்று ஒரு திட்டம் வகுத்து 1924 வரையில் நடத்தியது. நீர் பார்க்கும் வேலை, அதை அறிந்தவனிடமே இருந்தது. அந்தத் திட்டம் நிலைத்ததற்கு முக்கியமான காரணம் அதுவே என்பது என் துணிபு.

தாமஸ் எடிசனுக்கு இந்த ஈயமும் அமிலமும் பிடிக்கவில்லை. நிக்கலும் இரும்பும் தகடுகளாக, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் காரக் கரைசல் திரவமாக, எஃகுப் பெட்டியில் அடைத்த பேட்டரியை அவர் 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெட்டிகள் கசியத் தொடங்கவே உற்பத்தியை நிறுத்திவிட்டு, மேலும் பல ஆண்டுகள் உழைத்து 1909-இல் திருந்திய வடிவத்தை வெளியிட்டார். அது மெய்யாகவே நெடுங்காலம் உழைத்தது. ஆனால் அதற்கும் அடிக்கடி வடித்த நீர் வார்க்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் கரைசல் கெடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரைசலை அடியோடு வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். ஈய பேட்டரிக்கு உபயோகித்த ஹைட்ரோமீட்டரை இதில் நுழைத்தால் ஒட்டியிருக்கும் அமிலமே கேடு செய்யும். மகாமேதையின் பேட்டரியும் மனிதக் கரத்தின் கவனத்தைக் கேட்டதேயன்றி, கவனத்திலிருந்து விடுதலை தரவில்லை.

இதற்கிடையே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற கார்கள் வசதியான குடும்பத்துப் பெண்களின் அபிமான வாகனமாகிவிட்டன. பெட்ரோல் காரால் உலகத்தை மாற்றிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914-ஆம் ஆண்டு மாதிரியான டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஒன்றை ஓட்டினார். பெட்ரோல் காரைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பும் ஆபத்து மின்சாரக் காரில் இல்லை என்பதே அதற்கு ஒரு பெரிய காரணம். சார்லஸ் கெட்டெரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் இடம்பெற்றதும் அந்தக் காரணம் ஒழிந்தது. அதன் விளைவாக ஈய பேட்டரியும் அதற்கு நீர் வார்க்கும் கடமையும் பெட்ரோல் கார்களுக்குக் குடிபெயர்ந்தன.

பிறகு பல பத்தாண்டுகள் மின்சார வாகனம் பிரிட்டனில் வீடுவீடாகப் பால் கொண்டுசெல்லும் வண்டியாக ஒதுங்கி வாழ்ந்தது. நம் தேசத்தில் 2001-இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ரேவா காரும் எட்டு ஈய பேட்டரிகளில் ஓடியது. அதை வைத்திருந்தவர்களும் வடித்த நீரைத் தேடி வாங்கி ஊற்றியவர்களே.

லித்தியம் பேட்டரி வந்தபிறகு அந்தப் பழைய சடங்கு முடிந்தது. அதனுள்ளிருக்கும் திரவத்துக்கு நீர் பரம சத்துரு. ஆகையால் அறைகள் நிரந்தரமாக மூடப்பட்டன. தேயும் கரித்துண்டுகள் இல்லாத மோட்டார்களும் வந்துவிட்டன. ஆனால் திரவம் போய்விடவில்லை. உள்ளிருந்து வெளியே இடம் மாறியது, அவ்வளவுதான். 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் தன் பேட்டரியைச் சுற்றிக் கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ஓடவிட்டது. 2010-இல் வந்த நிஸான் லீஃப் அந்தத் திரவம் இல்லாமலே சமாளிக்க முயன்றது. 2012-இல் அரிசோனா மாகாணத்துக் கடும் வெயிலில் அதன் பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்ந்ததாக உரிமையாளர்கள் முறையிட்டனர். இப்பொழுது பெரும்பாலான மின்சாரக் கார்களில் கூலண்ட் உண்டு. அதன் மட்டம் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றலாகாது. அன்று தகடுகளைக் கெடுத்த உப்புக்களே இன்று கூலண்டை மின்சாரம் கடத்தும் திரவமாக்கி அபாயம் விளைவிக்கும். மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பெட்டியில் கியர் ஆயில் இருக்கிறது. வேகம் தணியும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வண்டியை நிறுத்த உதவுவதால் பிரேக் பட்டைகள் நெடுநாள் வரும். பிரேக் ஆயிலோ ஓட்டத்தால் அன்றி வயதால் கெடுவது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகைப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கக்கூடும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் எழுந்திராமல் கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கெட்டெரிங் காலத்து வழக்கத்தின் வாரிசாகப் பல மின்சாரக் கார்களில் இன்றும் இருக்கும் 12 வோல்ட் சிறு பேட்டரியையே.

ஆகவே மின்சாரக் கார் வைத்திருக்கும் அன்பர்கள், ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற வார்த்தையோடு நின்றுவிடாமல், காருடன் கொடுக்கும் கையேட்டில் கூலண்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் குறித்திருக்கும் காலக்கெடுவை ஒருமுறை வாசித்து, அந்தத் தேதிகளைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.