செட்டியாராகிவிட்ட தீர்த்தங்கரர்

தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை அருகே பிரிந்து கீழக்குயில்குடிக்கு நம்மில் பலர் போயிருப்போம். தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார், கருப்பசாமி. பின்னால் நீண்டு கிடப்பது சமணர் மலை. அதன் தென்மேற்குச் சரிவில் ஒரு குகை. அதன் பக்கத்தில் பாறையிலேயே செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. செதுக்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. நீண்ட காதும் நிறைந்த உடலுமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, 'செட்டியார்' என்று சொல்லிவிட்டார்களாம். மலையின் இன்னொரு பக்கம் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் நிற்கும் இடத்துக்குப் பெயர் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சிற்பத்தைச் செய்வித்தவர், அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆனால் ஊர் வழக்கில் நிலைத்த பெயர் பேச்சி, நம் பக்கத்துக் காவல் தெய்வம்.

சமணர்கள் போன பிறகும் யாரும் அந்தக் கல்லை உடைத்துப் போடவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்து, கூடவே வாழ்ந்தார்கள்.

மதுரையைச் சுற்றிய குன்றுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒத்தக்கடை ஆனைமலையில் பொ.ஆ. 770-இல் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில், முருகனுக்கான லாடன் கோயில், தமிழ்பிராமி எழுத்துள்ள சமணப் படுக்கை, தீர்த்தங்கரர் சிற்பங்கள், எல்லாம் ஒரே பாறையில். திருப்பரங்குன்றத்தின் தென்புறம் உள்ள உமையாண்டார் குடைவரை, முதலில் சமணருடையதாக இருந்து 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலானது. எது கோயில், யாருடைய கோயில் என்பதை ஒவ்வொரு காலமும் தன் போக்கில் முடிவு செய்திருக்கிறது.

நிலம் யாருடையது என்று காகிதத்தில் எழுத வேண்டி வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1920-இல் திருப்பரங்குன்றம் மலைக்காகக் கோயில் தேவஸ்தானம் வழக்குப் போட்டது. மலை மேல் தர்கா இருக்கிறது. அடிவாரத்தில் முருகன் கோயில். வெறும் பாறையாகக் கிடக்கும் பகுதி யாருக்கு? அரசு அது தன்னுடையது என்றது. 1923-இல் கீழ் நீதிமன்றம் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1931-இல் லண்டன் பிரிவி கவுன்சில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது: தர்கா, அதற்குப் போகும் படிகள், நெல்லித்தோப்பு ஆகியவை முஸ்லிம்களுக்கு, பட்டா நிலங்கள் நீங்கலாக மற்ற மலை கோயிலுக்கு. இன்றைய வழக்குகளுக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ஒரு கற்பாறை 'புறம்போக்கா, புனிதமா' என்று தீர்க்க மதுரையிலிருந்து லண்டன் வரை 11 ஆண்டு பிடித்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டமும் மதம் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. அரசியல் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கிடையாது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் என்பது நம்பிக்கை மட்டுமல்ல, சடங்கும் வழிபாடும் அதில் சேரும் என்றது. அதற்கு மேல் ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்கிறார்கள்.

தமுக்கத்தில் நிற்கும் தமிழ் அன்னை சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மதமா, மொழிப்பற்றா? காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது. ஒருவருக்குத் தெய்வம், இன்னொருவருக்கு அடையாளம், மூன்றாமவருக்குப் பஸ் ஸ்டாப். இந்த விவாதத்துக்கு முடிவே இல்லை.

அதனால்தானோ என்னவோ, நீதிமன்றம் பொது இடங்கள் விஷயத்தில் வேறு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், பொதுத் தெரு, பூங்கா போன்ற இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி, குருத்வாரா எதையும் புதிதாகக் கட்ட அனுமதிக்கக் கூடாது என்றது. ஏற்கெனவே உள்ளவற்றைத் தனித்தனியாக ஆராயச் சொன்னது. 2013 ஜனவரியில், சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்கவும் அனுமதி கூடாது என்றது. சாமி சிலையா, தலைவர் சிலையா என்ற பேச்சே அங்கு இல்லை. எது மதம் என்று கேட்காமல், இடம் யாருக்கானது என்று கேட்டார்கள். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில். இரண்டாவதற்குப் பத்திரத்தில் பதில் இருக்கிறது.

நமக்கும் இது பொருந்தும். பூங்காவில் ஒரு பிள்ளையார் வைக்கலாமே என்ற பேச்சு எந்தக் குடியிருப்பிலும் எழும், ஆசையில் தவறில்லை. முதலில் பார்க்க வேண்டியது பத்திரம். திறந்தவெளி ஒதுக்கீடாக தானப்பத்திரம் எழுதி மாநகராட்சிக்குக் கொடுத்த பூங்கா என்றால், அது நம்முடையதே அல்ல; நாம் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிறோம், அவ்வளவுதான். வளாகத்துக்குள் உள்ள பொது இடம் என்றால், அதில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. சாமி கும்பிடாதவருக்கும், வேறு சாமி கும்பிடுபவருக்கும், வாக்கெடுப்பில் தோற்றவருக்கும் உண்டு.

ஆகவே பொதுக்குழுவில் கைதூக்குவதற்கு முன் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பூட்டுச் சாவி யாரிடம், செலவு பராமரிப்புக் கட்டணத்திலிருந்தா தனி வசூலா, ஒலிபெருக்கி உண்டா, நாளைக்கு இன்னொரு வீட்டார் சிலுவையோ கொடிமரமோ கேட்டால் என்ன பதில். கடைசிக் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாவிட்டால், அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பெஞ்சு போடுவது உத்தமம்.