நாற்றமில்லாத கோழிக்கூட்டுக்கு உமியும் கச்சானும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் பல குடும்பங்கள் சின்னஞ்சிறு வளவுகளுக்குள் வந்து சேர்ந்தன. மதிலோடு மதிலாக வீடுகள். கணவனை இழந்த ஒரு ராத்தா அப்படியொரு வளவில் பத்து ஊர்க்கோழி வளர்க்கிறார். முட்டைக் காசில்தான் மகளின் டியூஷன் ஓடுகிறது. “கோழிய வித்தா சண்டை முடியும், முட்டையும் முடியும்” என்றார் என்னிடம். சண்டை, பக்கத்து வீட்டுக்குப் போகும் நாற்றத்தால் வந்தது. அவர் தினமும் கூட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். பிழையே அங்கேதான்.

காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டால்தான் அமோனியா கிளம்பும், ஈ முட்டையிடும், குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். ஆகவே கழுவ வேண்டாம், மூடுங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று மில்களில் உமிக்குப் பஞ்சமில்லை. தரையில் 4 அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். பத்துக் கோழிக்கு 5 அடிக்கு 8 அடிக் கூடு போதும். நாலைந்து உரப்பை உமி பிடிக்கும். கோழிகளே கிளறி எச்சத்தைக் கலந்துவிடும், நுண்ணுயிர்கள் மெல்ல மக்கச் செய்யும். உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் சீக்கிரம் உக்காது. வைக்கோல் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

வாரம் ஒருமுறை ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் முள்ளால் கிளறி, புது உமி தூவுங்கள். குனிந்து மூக்கை வைக்கும்போது கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது.

எச்சத்தில் ஏறத்தாழ பாதி இரவில், உறங்கும் கம்புக்கு அடியில்தான் விழும். அங்கே ஒரு பலகை வைத்து மணல் பரப்பி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சுரண்டி எடுத்தால் வேலையில் பெரும்பங்கு முடிந்தது. ஐந்து நிமிடம். ஈ முட்டையிலிருந்து பறக்க, நம்முடைய சூட்டில் ஒரு வாரம் பத்து நாள் போதும். அதைவிடத் தாமதிக்க வேண்டாம்.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகுயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்தாது. கூட்டின் முதுகைக் கடல் பக்கம் வையுங்கள்: மாரிச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கத் தகட்டை இரண்டடி நீட்டிவிடுங்கள். மேற்கே வலை போட்டுத் திறந்திருந்தால் கச்சான் காற்று உமியைத் தானே உலர்த்தும். வெளியே கோழி உலாவும் இடத்துக்கு நமது மணல் நல்லது, மழை நீர் தங்காது. வயல் மூடிக் குடியேறியவர்கள் மட்டும் மண்ணை அரையடி உயர்த்த வேண்டும்.

சாம்பலையும் சுண்ணாம்பையும் உமியில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. ஈர எச்சத்தோடு சேர்ந்தால் இரண்டும் அமோனியாவை இன்னும் கிளப்பும். சாம்பலைக் கோழி புரளும் குழியிலும், சுண்ணாம்பைக் காலியாக்கிய தரையிலும் போடுங்கள்.

பழைய உமியை வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன் செப்டெம்பரில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வெளியே எடுங்கள். மூன்று மாதம் குவித்து மூடி வைத்தால் தென்னைக்கும் முருங்கைக்கும் உரம். பச்சையாகப் போட்டால் செடி கருகும். திடீரெனக் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அந்த உமியை எங்கும் இடாமல், மிருக வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.