படைவீரர் இல்லமும் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைகளும்

இஸ்லாமிய வரலாற்று நூல்களில் போர்க்களங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள பக்கங்கள் மிகப் பல. யர்மூக், காதிஸிய்யா, நஹாவந்த் ஆகிய களங்களின் அணிவகுப்புகளும் தளபதிகளின் பெயர்களும் நம் மதரஸா மாணவர்களுக்கு மனப்பாடம். ஆயின், அக்களங்களுக்குச் சென்றோரின் இல்லங்களில் என்ன நிகழ்ந்தது என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. அவ்வினாவுக்கு விடை இல்லாமலில்லை. வெற்றி வரலாறுகளைக் கூறும் நூல்களில் அதனைத் தேடுவதைவிட, ஹதீஸ் தொகுப்புகளிலும், ஃபிக்ஹு நூல்களின் நஃபகா, ஈலா, மஃப்கூத் பாடங்களிலும் தேடுவோமாயின் அது நமக்குக் கிட்டும்.

இதற்கான அடித்தளத்தை இட்டவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களே. அறப்போருக்குச் சென்றவரின் குடும்பத்தை நல்ல முறையில் பேணியவர் தாமே போரிட்டவர் ஆகிறார் என்னும் கருத்துடைய நபிமொழியை ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். போருக்குச் சென்றோரின் மனைவியரை ஊரில் தங்கியிருப்போர் தம் அன்னையரைப் போல் மதிக்க வேண்டும் என்று புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் காணப்படுகிறது. படையில் பெயர் பதிவாகியிருந்த ஒருவர், தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டார் எனத் தெரிவித்தபோது, படையை விட்டு மனைவியுடன் ஹஜ்ஜுக்குச் செல்லுமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். ஹிஜ்ரி 8 (கி.பி. 629) இல் முஃத்தா களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி மதீனாவை அடைந்தபோது, துயரில் ஆழ்ந்திருந்த அவ்வில்லத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு கூறினார்கள். இறப்பு வீட்டுக்கு அண்டை அயலார் உணவளிக்கும் வழக்கத்திற்கு இந்நிகழ்ச்சியே சான்றாகக் காட்டப்படுகிறது. ஆக, வீரர் ஒருவர் களத்தில் நிற்கும்போது அவருடைய வீடு சமுதாயத்தின் பொறுப்பில் நிற்கிறது என்பதே இந்நபிமொழிகளின் சாரமாகும்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (ஹிஜ்ரி 13-23, கி.பி. 634-644) நிலைமை மாறியது. நபிகளாரின் காலத்துப் படையெடுப்புகள் சில நாள்களிலோ வாரங்களிலோ முடிந்தன. இப்போதோ சிரியா, இராக், பாரசீகம், எகிப்து எனக் களங்கள் விரிந்தன. கூஃபா, பஸரா, ஃபுஸ்தாத் ஆகிய பாளைய நகரங்களில் பல வீரர்கள் குடும்பத்துடன் குடியேறினர். எனினும், ஹிஜாஸில் மனைவி மக்களை விட்டுச் சென்றோரும் இருந்தனர். பிரிவின் காலம் மாதங்களாகவும் சிலருக்கு ஆண்டுகளாகவும் நீண்டது.

இச்சூழலில்தான் நாம் அனைவரும் அறிந்த அந்த இரவு நிகழ்ச்சி வருகிறது. மதீனாவின் தெருக்களில் இரவுக் காவல் சென்ற கலீஃபா, ஒரு வீட்டினுள்ளிருந்து ஒரு பெண் கவிதை பாடுவதைக் கேட்டார்கள். இரவு நீள்கிறது, துணைவன் அருகில் இல்லை, இறையச்சமும் நாணமும் இல்லையேல் தன் நிலை வேறாகியிருக்கும் என்பது அக்கவிதையின் கருத்து. விசாரித்தபோது, அவளுடைய கணவர் படையில் சென்று நெடுநாளாகிறது எனத் தெரிந்தது. கலீஃபா தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என வினவினார்கள். தந்தையிடம் இதனைப் பேச மகளார் நாணினார்கள். முஸ்லிம்களின் நலன் கருதியே கேட்பதாகத் தந்தை வலியுறுத்திய பின்னரே விடை வந்தது. அவ்விடை நான்கு மாதம் என்று சில அறிவிப்புகளிலும், ஆறு மாதம் என்று வேறு சிலவற்றிலும் உள்ளது. இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620, கி.பி. 1223) தமது முக்னீயில் எடுத்துக்காட்டும் அறிவிப்பின்படி, போக ஒரு மாதம், தங்க நான்கு மாதம், திரும்ப ஒரு மாதம் என ஆறு மாதத்தைக் கலீஃபா வரையறுத்தார்கள்.

நம் மேடைகளில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகிறது. அப்பெண்ணின் கற்பும் இறையச்சமும் புகழப்படுகின்றன. பெண்களுக்குப் பொறுமை உபதேசிக்கப்படுகிறது. புகழ்ச்சி தகும். ஆனால் கலீஃபா அவர்கள் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பவில்லை என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அவளுடைய ஈமான் அவளைக் காத்தது உண்மை; அந்த ஈமானின் மீது ஏற்றப்பட்ட சுமையைக் குறைப்பது அரசின் கடமை என அவர்கள் உணர்ந்தார்கள். ஒரு பெண்ணின் முறையீடு, அதுவும் எவரையும் நோக்கிச் சொல்லப்படாத முறையீடு, படையின் விதியையே மாற்றியது. தக்க காரணமின்றி ஆறு மாதத்திற்கு மேல் வெளியூரில் தங்கும் கணவனைத் திரும்பி வருமாறு கோரும் உரிமை மனைவிக்கு உண்டு என ஹன்பலீ அறிஞர்கள் கூறுவதற்கு இதுவே ஆதாரமாயிற்று.

வேறு ஆணைகளும் உண்டு. மனைவியரை விட்டு வெளியே தங்கியிருக்கும் ஆண்கள் ஒன்று நஃபகா அனுப்ப வேண்டும், அன்றேல் தலாக் அளிக்க வேண்டும். தலாக் அளிப்போர் கடந்த காலத்திற்குரிய நஃபகாவையும் செலுத்த வேண்டும் எனப் படைத்தலைவர்களுக்கு அவர்கள் எழுதினார்கள். வீரர்கள், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் உதவித்தொகைக்கெனத் திவான் என்னும் பதிவேடு நிறுவப்பட்டது. அதன் ஆண்டு ஹிஜ்ரி 15 என்றும் 20 என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே முதலில் தொகை அளிக்கப்பட்டது. ஒரு வணிகக் கூட்டத்தோடு வந்து தங்கிய தாய் ஒருத்தி, அத்தொகைக்காகவே தன் குழந்தையைக் காலத்திற்கு முன் பால் மறக்கச் செய்ததையும், அது இரவெல்லாம் அழுததையும் கண்ட கலீஃபா, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 திர்ஹம் என விதியைத் திருத்தினார்கள்.

பெற்றோரின் பிரிவுத் துயரும் புறக்கணிக்கப்படவில்லை. உமய்யா என்னும் கினானா குலத்து முதியவர், இராக் சென்ற தம் மகன் கிலாபை எண்ணிக் கவி பாடிக் கலங்கியதையும், கலீஃபா அம்மகனை வரவழைத்து, பெற்றோர் உள்ளவரை அவர்களுடனேயே இருக்குமாறு பணித்ததையும் நபித்தோழர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

வீரர்களை எல்லைப்புறத்திலேயே நிறுத்திவைத்து வீடு திரும்ப விடாமல் தடுப்பதை அரபியில் ‘தஜ்மீர்’ என்பர். அது அவர்களைச் சோதனைக்குள்ளாக்கும் என எச்சரித்து உமர் (ரலி) அதனைத் தடுத்தார்கள். அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்ததன் விளைவை உமய்யா ஆட்சியில் காண்கிறோம். ஸிஜிஸ்தானில் இருந்த இராக்கியப் படையை மேலும் முன்னேறுமாறு ஹஜ்ஜாஜ் நெருக்கினார். இனி அன்புக்குரியோரைக் காணவே இயலாது என்னும் அச்சம் படையினரிடையே பேசப்பட்டதைத் தபரீ பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 81 இல் இப்னுல் அஷ்அஸ் தலைமையில் அப்படையே ஆட்சிக்கு எதிராகத் திரும்பியது. அக்கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், வீட்டு ஏக்கத்தை அவற்றுள் சிறியதாகக் கருத இயலாது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நம்மிடையே வழங்குகிறது. ஃபர்ரூக் என்பார் கருவுற்ற மனைவியிடம் 30,000 தீனாரை ஒப்படைத்துக் குராஸான் சென்று 27 ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். அதற்குள் அம்மாதரசி அப்பொருளை மகனின் கல்விக்கே செலவிட்டு, இமாம் ரபீஆவாக அவரை உருவாக்கியிருந்தார் என்பது அக்கதை. கதீப் பக்தாதீ இதனைக் குறித்துள்ளார். ஆனால் காலவரிசை பொருந்தாமையைச் சுட்டி, ஹாஃபிள் தஹபீ (மறைவு ஹிஜ்ரி 748) இதனை ஆதாரமற்றதென மறுத்துவிட்டார். மறுக்கப்பட்ட 27 ஆண்டுக் கதை மேடைதோறும் ஒலிக்க, ஃபிக்ஹு நூல்கள் ஆதாரமாகக் கொண்ட ஆறு மாத ஆணை மறக்கப்படுவது வருந்தத்தக்கது.

திரும்பியே வராதவரின் மனைவி நிலை என்ன? நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, மறுமணத்திற்கு உரியவளாவாள் என்னும் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை இமாம் மாலிக் முவத்தாவில் பதிந்துள்ளார். ஹனஃபீ மத்ஹபின் பழைய நிலைப்பாடோ, கணவனின் வயதொத்தோர் மறையும் வரை காத்திருக்கச் சொல்கிறது. இதனால் இந்தியப் பெண்கள் பட்ட அல்லலைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ, 1930களில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில் மாலிகீ தீர்வை ஏற்கப் பரிந்துரைத்தார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்கு ஆண்டுகள் கணவன் இருக்குமிடம் தெரியாதிருப்பதை மணமுறிவு கோருவதற்குரிய காரணமாக ஏற்றது. மதீனாவில் வழங்கப்பட்ட தீர்ப்பின் பயனை நம் நாட்டுப் பெண்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பெற்றனர்.

படையில் பணியாற்றச் செல்வோர் மட்டுமன்று, பிழைப்பின் பொருட்டுச் சபர் செல்வோரும் நம் மஹல்லாக்கள்தோறும் உளர். அவர்தம் வீட்டார்க்குப் பொறுமையை எடுத்துரைப்பது எளிது, அது தேவையும்கூட. அத்துடன், அவ்வீட்டிற்கு நஃபகா வந்து சேர்கிறதா, முதியோரைக் கவனிக்க ஆள் உண்டா, சென்றவர் திரும்பும் காலம் வரையறுக்கப்பட்டதா என விசாரித்தறிவது ஜமாஅத்தாரின் கடமையாகும். கலீஃபா அவர்கள் அந்த இரவில் முதலில் செய்ததும் விசாரித்தறிந்ததேயாகும். வல்லாஹு அஃலம்.