பெர்கன் துறையும் தரங்கம்பாடிக் கோட்டையும்

உலு திராம் வட்டாரத்தில் நெடுங்காலம் தோட்டப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அண்மையில் அவருடைய மக்கள் உல்லாசக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றனர். கப்பல் நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரில் ஒரு பகல் நின்றது. காலையில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் ஏறிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தவரைப் பார்க்கச் சென்றபோது, படங்களைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“ஊர் நல்ல ஊர்தான், தம்பி. மழைதான் விடவில்லை. நம் ஜொகூர் மழையாவது கொட்டிவிட்டு நிற்கும். அந்த மழைக்கு நிற்கவே தெரியவில்லை. மீன் கடைப் பக்கம் போனபோது மட்டும் நாகப்பட்டினத்தில் இறங்கினாற்போல் இருந்தது. மற்றப்படி அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு இருக்கப்போகிறது?”

உறவு இருக்கிறது. அதுவும் நாகப்பட்டினத்துக்கு வடக்கே சிறிது தொலைவில், கடலோரத்தில், கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. ஆனால் அதை நாம் ‘டேனியர் கோட்டை’ என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டதால், நார்வேயின் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெறாமற் போயிற்று. அந்த விடுபட்ட பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் பெர்கனையே பார்ப்போம். பெரியவர் காட்டிய படங்களில் துறைமுகத்தை ஒட்டி, முக்கோண நெற்றிகளோடு, சிவப்பும் மஞ்சளுமாக மரவீடுகள் வரிசையாக நின்றன. அவை பிரிக்கன் எனப்படும் பழைய பண்டகசாலைகள். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1754 வரை ஹன்சா என்னும் ஜெர்மானிய வணிகர் கூட்டம் அங்கே நிலைகொண்டிருந்தது. 1702இல் பெருந்தீயில் எரிந்து, பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்ட வரிசை அது. 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அவ்வணிகர் அங்கே காத்துக் கிடந்தது பொன்னுக்கோ பட்டுக்கோ அன்று; கருவாட்டுக்கு. வடக்கே லொபோட்டன் தீவுகளில் பிடித்த காட் மீனை உப்பிடாமல், குளிர்காற்றில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அது பெர்கனுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் போகும். உப்பில்லாத கருவாடு என்றால் நம்மவர் முகம் சுளிப்பார்கள். ஆயினும் அந்த நகரம் எழுந்து நின்றது அதன்மேல்தான்.

அதே மீன்சந்தைக்கு அருகில் ஒரு சிலையும் பெரியவர் படத்தில் விழுந்திருந்தது. லுட்விக் ஹோல்பர்க் என்னும் நாடகாசிரியர் அவர். 1684இல் பெர்கனில் பிறந்தவர். கோபன்ஹேகனில் வாழ்ந்து டேனிய மொழியில் எழுதியவர். அவரை டென்மார்க்கும் தம்மவர் என்கிறது, நார்வேயும் தம்மவர் என்கிறது. இரண்டும் பொய்யன்று. 1380 முதல் 1814 வரை அவ்விரு நாடுகளுக்கும் ஒரே மன்னர். ஆட்சிப் பீடம் கோபன்ஹேகனில் இருந்ததால், 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் நார்வே இளைய பங்காளியாகத் தாழ்ந்ததே தவிர, முடி ஒன்றாகவே இருந்தது. எனவே 1620இல் தரங்கம்பாடியைப் பெற்ற நான்காம் கிறிஸ்டியன், டென்மார்க்குக்கும் நார்வேக்கும் மன்னர். இன்றைய ஆஸ்லோ தீக்கிரையானபோது 1624இல் அதைப் புதிதாகக் கட்டி, கிறிஸ்டியானியா எனத் தம் பெயரையே அதற்கு இட்டவரும் அவரே.

அம்மன்னரின் கப்பல்கள் 1618இன் இறுதியில் புறப்பட்டபோது அவற்றின் இலக்கு தரங்கம்பாடியே அன்று, இலங்கை. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்ட ஒரு டச்சுக்காரரின் பேச்சை நம்பிப் புறப்பட்டார்கள். தூதர் வழியிலேயே இறந்தார். கப்பற்படைத் தலைவர் ஓவே யெட்டே அப்போது இருபத்துநான்கு வயது நிரம்பாத இளைஞர். கண்டியில் காரியம் கைகூடவில்லை. இதற்கிடையில் முன்னதாகச் சென்ற ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் கடலில் போர்த்துக்கேயர் அழித்துவிட, தப்பிய சிலரோடு அவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். அங்கேதான் வழி பிறந்தது. 1620 நவம்பரில் உடன்படிக்கை முடிந்து, டான்ஸ்போர்க் கோட்டைக்குக் கடைக்கால் இடப்பட்டது. நாயக்கர் மன்னர் கிறிஸ்டியனுக்கு எழுதிய ஓலை பொன்னால் ஆனது. தமிழ் எழுத்துப் பொறித்தது. இன்றும் அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. யெட்டே 1622இல் ஊர் திரும்பினார். அதன்பின் அவருக்கு வாய்த்த பணி நார்வேயில்: அங்கே மாநில ஆட்சியாளராகவும், கொங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்தை மேற்பார்ப்பவராகவும் இருந்தார்.

ஊர் அதற்கு முன்னரே பழமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாசிலாமணிநாதர் கோயிலிலுள்ள மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என வழங்கப்பட்டுள்ளது. வெளிநாட்டார் வாயில் அது ‘டிராங்கிபார்’ ஆயிற்று. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

வந்தவர்களுள் நார்வே முடியின் குடிகள் எத்தகையோர்? ஓர் எடுத்துக்காட்டு போதும். ஐஸ்லாந்து அக்காலத்தில் நார்வேயின் வழியாக அம்முடிக்கு உரியது. அத்தீவின் ஏழைக் குடியானவர் மகனான யோன் ஓலாப்சன் என்பவர் பீரங்கிவீரராகத் தரங்கம்பாடிக்கு வந்து, 1620களில் கோட்டையில் காவல் செய்தார். வெடிமருந்து வெடித்ததில் கையில் ஊனமுற்று நாடு திரும்பினார். முதுமையில் அவர் எழுதிய தன்வரலாறு, அக்காலத் தரங்கம்பாடியை ஒரு சாதாரண வீரன் கண்ணால் காட்டும் அரிய நூல். ஆளுநர்களின் கணக்கேடுகளில் கிடைக்காத செய்திகள் இத்தகைய நூல்களில்தான் கிடைக்கும்.

கோட்டையின் வரலாறு பெருமையாகவே இருந்ததென்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பாவில் போர்கள் மூள, 1639க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட அனுப்பப்படவில்லை. எஸ்கில் கொங்ஸ்பக்கே என்னும் எளிய வீரர் சில துணைவரோடு அதைக் காத்து நின்றார். அந்த நூற்றாண்டிலேயே பஞ்சத்தாலும் போராலும் நலிந்த தமிழ் மக்கள் அடிமைகளாக இக்கரையிலிருந்து ஆச்சேக்குக் கப்பலேற்றப்பட்டனர். தரங்கம்பாடி வணிகம் கெடாவரைக்கும் எட்டியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர்க்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, விருப்பமின்றி இக்கடலைக் கடந்த தமிழர் இருந்தனர் என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை.

இனி, தமிழாசிரியர்க்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு, புளுட்சோ என்னும் ஜெர்மானியர் இருவர், டென்மார்க் – நார்வே மன்னரான நான்காம் பிரெடெரிக் அனுப்ப, தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்ற முறை நாம் அறியத்தக்கது. முதியவரான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை வேண்டி, அவர் பள்ளியையே தம் இல்லத்துக்கு மாற்றச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1708க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அச்சகம் பின்னர் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்ததால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது.

இங்கே ஒரு திருத்தம். தமிழில் முதன்முதல் அச்சான நூல் தரங்கம்பாடியில் வந்தது என்று மாணவர்க்குச் சொல்லித்தரும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது பிழை. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிவிட்டது. தரங்கம்பாடிக்கு உரிய சிறப்பு முதன்மையன்று. விடாது தொடர்ந்து அச்சிட்டமை.

இப்பணிகளை மேற்பார்க்க 1714இல் மன்னர் கோபன்ஹேகனில் ஒரு கழகம் அமைத்தார். அதே கழகத்தின் மேற்பார்வையில்தான் வேறு இரண்டு பணிகளும் நடந்தன. ஒன்று, நார்வேயின் வடகோடியில் கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழும் சாமி மக்களிடையே. மற்றொன்று, கிரீன்லாந்தில், அதற்காக ஹான்ஸ் எகெடே என்னும் நார்வேயர் குடும்பத்தோடு 1721இல் கப்பலேறியது பெர்கன் துறைமுகத்திலிருந்து. நம் பெரியவர் மழையில் நனைந்த அதே துறை! தரங்கம்பாடித் தமிழரும், பனிநிலத்துச் சாமியரும், கிரீன்லாந்து மக்களும் கோபன்ஹேகனில் ஒரே மேசையில் ஆராயப்பட்டனர்.

சாமி மக்களின் கதையை ஆசிரியர்கள் சற்றே நின்று கேட்க வேண்டும். அங்கே பணியைத் தொடங்கியவர் டிரோண்டெய்ம் நகரத்தவரான தோமஸ் வான் வெஸ்டன். அவருக்கு வழிகாட்டியவர் ஐசக் ஓல்சன் என்னும் ஏழைப் பள்ளி ஆசிரியர். ஓல்சன் பல்லாண்டு அம்மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றிருந்தார். அம்மக்களுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது வான் வெஸ்டன் கொள்கை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கொண்டதும் அதுவே. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. 1727இல் வான் வெஸ்டன் இறந்தபின், அவர் கொள்கை எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. இடையில் சாமி மொழி கற்பிக்க ஒரு கல்லூரி தோன்றி, 1774இல் அதுவும் மூடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நார்வே அரசு சாமிப் பிள்ளைகளைப் பள்ளி வழியாக நார்வேயராக்க முனைந்தது. 1898இல் வந்த கட்டளை, வகுப்பறையில் சாமி மொழியைத் தவிர்க்க முடியாத அளவுக்கே பயன்படுத்த வேண்டும் என்றது. பல தலைமுறைகள் தாய்மொழி எழுதத் தெரியாமல் வளர்ந்தன. 1989இல் சாமி மக்களுக்கெனத் தனி மன்றம் திறக்கப்பட்டு, மொழிக்கு உரிமை திரும்பிய பின்னும், இழந்தது முழுதும் மீளவில்லை.

தமிழ் அவ்வாறு நலியாமைக்குச் சீகன்பால்கின் அச்சகம் காரணம் என்று யாரேனும் எழுதினால் நான் உடன்படேன். அவர் வந்தபோதே நூற்றுக்கணக்கில் ஏடுகளும், ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகளும் இங்கே இருந்தன. அவருக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியர் ஆயத்தமாக அமர்ந்திருந்தார். சாமி மொழிக்கோ எழுத்து வழக்கே அரிது. ஐசக் ஓல்சனின் பெயரை நார்வே வரலாறு பேணி வைத்திருக்கிறது; நம் திண்ணைப் பள்ளி முதியவரோ, பெயரின்றி ‘ஆசிரியர்’ என்ற அளவில் நிற்கிறார்.

கடைசியாக ஒரு குடும்பக் கதை. நார்வேயின் தென்கிழக்குக் கரையில் பிரெடெரிக்ஸ்ஹால்ட் – இன்று ஹால்டன் – என்னும் துறைமுக ஊரில் 1744இல் பிறந்த பீட்டர் அங்கர், 1788இல் தரங்கம்பாடி ஆளுநராக வந்து, ஏறத்தாழ இருபது ஆண்டு ஆண்டார். இன்று நாம் ஊருக்குள் நுழையும் வெண்ணிற நகர வாயில் 1792இல், அவர் காலத்தில், எழுந்தது. ஓவியம் தீட்டுவதில் அவருக்கு நாட்டம் மிகுதி. தென்னாட்டுக் கோயில்களையும் ஊர்களையும் அவர் வரைந்த படங்கள் ஆஸ்லோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் உடன்பிறந்தவர் கார்ஸ்டன் அங்கர், கோபன்ஹேகனில் ஆசியக் கம்பெனியின் இயக்குநராக இருந்தவர். பின்னர் நார்வேயில் எய்ட்ஸ்வோல் என்னுமிடத்து மாளிகையில் குடியேறினார்.

1808இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். நெப்போலியன் போரில் டென்மார்க் தோற்ற பக்கத்தில் நின்றதால், 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி நார்வேயைச் சுவீடன் மன்னருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நார்வே மக்களை யாரும் கேட்கவில்லை. ஜொகூர் வாசகர்க்கு இது புதிதாகத் தோன்றாது: பத்தாண்டு கழித்து 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஜொகூர் – ரியாவ் அரசை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொண்டதும் இவ்வாறே. நார்வேத் தலைவர்கள் கூடி, 1814 மே 17ஆம் நாள் தமக்கெனச் சாசனம் இயற்றினர். கூடிய இடம் கார்ஸ்டன் அங்கரின் அந்த எய்ட்ஸ்வோல் மாளிகை. சுவீடனோடு இணைந்திருக்க நேர்ந்தபோதும் சாசனம் நிலைத்தது. நார்வேயர் இன்றும் அந்நாளையே நாட்டு விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

1815இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைத் திருப்பித் தந்தபோது, பெற்றுக்கொண்டது டென்மார்க் மட்டுமே. ஊரில் ஆங்கிலக் கொடி பறந்த ஏழாண்டுகளுக்குள், ஊரார் அறியாமலே, நார்வே உறவு அறுந்துவிட்டது. 1845இல் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு டென்மார்க்கும் விற்று வெளியேறியது. கோட்டைக்குள் இன்று இருப்பது தமிழக அரசின் அருங்காட்சியகம். 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் ஊரைக் கடுமையாகத் தாக்கியபோதும் கோட்டை நின்றது.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன். இடைமறிக்காமல் கேட்டவர், பெர்கன் படங்களை மீண்டும் ஒருமுறை புரட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “அடுத்த முறை அந்தக் கப்பல் கோபன்ஹேகனில் நிற்குமா, கேட்டுச் சொல்லம்மா. அந்தப் பொன்னோலையில் இருக்கும் தமிழை நான் படித்துப் பார்க்க வேண்டும்” என்றார்.