மானுக்குக் கருணை, மனுஷனுக்குக் கொடுமை: டம்டம் தோட்டாவின் கதை

கொல்கத்தா ஏர்போர்ட்ல இறங்கியிருக்கீங்களா? அந்த ஏரியாவோட பேரு டம்டம். அதே பேர்ல ஒரு தோட்டாவும் இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. வேட்டைக்குப் போறவர் எந்தத் தோட்டாவை எடுத்துட்டுப் போகணும்? 1880-கள் வரைக்கும் இது பெரிய குழப்பமா இல்லை. கறுப்பு வெடிமருந்து, கனமான ஈயக் குண்டு, அவ்வளவுதான். 1884-ல பிரான்ஸ்ல பால் வியே என்பவர் புகையில்லாத வெடிமருந்தை உருவாக்கினார். தோட்டாவோட வேகம் எகிறிடுச்சு. அந்த வேகத்துல வெறும் ஈயம் தாங்காது, துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே அப்பிக்கும். அதனால ஈயத்துக்கு மேல கடினமான உலோக உறை போட்டாங்க.

ஒரு பிரச்சினையை சரிபண்ணா இன்னொண்ணு முளைக்கும்னு கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். முழு உறை போட்ட தோட்டா, உடம்புல சின்ன ஓட்டை போட்டுட்டு மறுபக்கம் வெளியே போயிடும். அடிபட்ட மான் ரத்தம் சிந்திக்கிட்டே காட்டுக்குள்ள ஓடி, எங்கேயோ கிடந்து மெதுவா சாகும். அதனால வேட்டைக்காரங்க நுனியில மட்டும் உறை இல்லாம, ஈயம் வெளியே தெரியுற தோட்டாவுக்கு மாறினாங்க. அது உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். விலங்கு சீக்கிரம் விழுந்துடும். யானைக்கும் காட்டெருமைக்கும் மட்டும் முழு உறைதான். அந்தத் தடிச்ச எலும்பைத் துளைச்சு ஆழமா போகணும் இல்லையா?

இப்போ போர்க்களத்துக்கு வருவோம். 1895-ல சித்ரால் போர். இன்னைக்குப் பாகிஸ்தானோட வடமேற்கு மூலை. புது .303 தோட்டா பட்டும் எதிரிகள் நிக்காம ஓடி வர்றாங்கன்னு பிரிட்டிஷ் படைகிட்டேயிருந்து புகார். டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில அதுக்கு ஒரு தீர்வு தயாராச்சு: நுனி உறையைக் கொஞ்சம் நீக்கிடு. அதாவது, வேட்டைக்காரங்களோட அதே உத்தி.

1899, ஹேக் சமாதான மாநாடு. ஜெர்மன் அறுவை மருத்துவர் புருன்ஸ் நடத்தின சோதனைகள் ஐரோப்பாவை ஏற்கெனவே அதிர வெச்சிருந்தது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா என்ன சொன்னார் தெரியுமா? புருன்ஸ் சோதிச்ச தோட்டாவுல ஈயம் ரொம்ப அதிகமா வெளியே நீட்டிக்கிட்டிருந்தது, எங்களோடது அப்படி இல்லைன்னு. இது தொழில்நுட்ப வாதம், பரவாயில்லை. அடுத்த வாதம்தான் உறுத்துது. நாகரிக நாட்டுச் சிப்பாய் காயம்பட்டா ஒதுங்கிடுவான், 'காட்டுமிராண்டி' ஒதுங்க மாட்டான், அதனால இது தேவைங்கிறார். வேட்டைக்காரர் யானைக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணுன்னு பிரிச்ச மாதிரியே, இங்கே மனுஷங்களைப் பிரிக்கிறாங்க.

தடை நிறைவேறிச்சு. எதிர்த்து ஓட்டுப் போட்டவை பிரிட்டனும் அமெரிக்காவும் மட்டும்தான். 1907-ல பிரிட்டனும் ஏத்துக்கிச்சு. ஆனா அந்த ஒப்பந்தத்தோட வரிகளைக் கவனிங்க: கையெழுத்துப் போட்ட நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டும்தான் அது செல்லும். மேசையில நாற்காலியே இல்லாத எல்லைப்புறப் பழங்குடிகளுக்கு அதனால எந்தப் பாதுகாப்பும் இல்லை. யாரைப் பார்த்து அந்தத் தோட்டாவை வடிவமைச்சாங்களோ, அவங்களையே விட்டுட்டாங்க.

இன்னைக்கு நிலவரம்? இங்கிலாந்தின் 1991 மான்கள் சட்டப்படி, ரைஃபிளால மானைச் சுடுறதுன்னா விரியுற வகைத் தோட்டாவைத்தான் பயன்படுத்தணும். போருக்குத் தடை, வேட்டைக்குக் கட்டாயம்! முரண்பாடு மாதிரி தெரியும். ஆனா யோசிச்சா ஒரு தர்க்கம் இருக்கு. வேட்டையில நோக்கமே சாவு, அதனால அது சீக்கிரம் வரணும். போர்ச் சட்டம் பார்க்குறது வேற: எதிரி சண்டையிலேருந்து விலகினா போதும், அதுக்கு மேல வேதனை தேவையில்லை.

ஆக, எது சரியான தோட்டாங்கிற கேள்விக்குப் பதில் உலோகத்துல இல்லை. எதிர்ல நிக்கிறது யாருன்னு சுடுறவர் நினைக்கிறார் என்பதுல இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.