இரண்டு பேரேடுகளிலும் இல்லாதவர்

விம்பிள்டனில் நவம்பர் மாதம் எமக்கு இரண்டு பூக்களின் மாதம். முதற்பாதியில் போர் நினைவுச்சின்னத்தடியில் பொப்பிப்பூ. 27ஆம் திகதி, 1989இலிருந்து நினைவுகூரப்படும் மாவீரர் நாளுக்குக் கார்த்திகைப்பூ. என் அம்மப்பாவுக்கு இரண்டிலும் இடமில்லை.

அவர் திருகோணமலையில் தச்சுத்தொழிலாளி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையிற் சேர்ந்தார். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. போர் முடிந்ததும் அம்மப்பா சீவுளிக்குத் திரும்பினார். “அரசருக்காகப் போகேல்லை, சம்பளத்துக்குப் போனனான்” என்பார்.

ஏகாதிபத்தியத்தின் சிப்பாய் என்று அவரை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் இலங்கையில் அவ்வாறு ஒதுக்காத ஓர் அரசியலும் இருந்தது. பொப்பி விற்ற பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படையினருக்கே போனதால், முன்னாள் படைவீரரான ஏலியன் பெரேரா உள்ளூர்ப் படையினருக்காக ‘சூரியமல்’ விற்கத் தொடங்கினார். 1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கம் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தெடுத்தது. சூரியமல் என்பது எங்கள் வேலிகளில் நின்ற பூவரசம்பூதான்.

பேரரசை எதிர்த்தவர்கள் அதன் சிப்பாயினது வறுமையை மறக்கவில்லை. எமது வரலாற்றெழுத்தோ வீரர், துரோகி என இரண்டு பேரேடுகளையே வைத்திருக்கிறது. பிழைப்புக்காகச் சீருடை அணிந்த தொழிலாளியை எதில் எழுதப் போகிறோம்? மூன்றாவது பேரேடொன்றைத் திறக்காதவரை, எமது வரலாறு எமது மக்களின் வரலாறாகாது.